லிண்ட்ஸ்போர்க்: பங்கு போட்டு வாங்கிய நிலம், பரீட்சை வைத்துச் சேர்த்த சபை

கேள்வி இது: "19-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு ஏழை விவசாயிகள் அமெரிக்காவின் நடுப்பகுதிக்குப் போய், வெறும் புல்வெளியில் ஊரும் தேவாலயமும் கட்டினார்கள் என்று படித்தேன். அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்ததால் போனார்களா, மதத்துக்காகப் போனார்களா? கையில் காசில்லாதவர்களால் ஓர் ஊரையே எப்படி அமைக்க முடிந்தது?"

பொதுவாகப் பதில் சொன்னால் மழுப்பலாகப் போய்விடும். ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். கான்சாஸ் மாநிலத்தின் நடுவில், ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் லிண்ட்ஸ்போர்க். 1869-இல் உருவானது. நான் சில வருடம் விச்சிட்டாவில் வேலை பார்த்தபோது அடிக்கடி போய்வந்த ஊர், வடக்கே காரில் ஒன்றேகால் மணி நேரம். முதல் தடவை சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனேன். அப்புறம் அந்த ஊரின் நிலக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நேரடிப் பதில். நிலத்தில் ஒரு பகுதிதான் அரசு கொடுத்தது. பெரும் பகுதியை ரயில் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதும் தனி ஆட்கள் இல்லை, சிகாகோவில் தொடங்கிய ஒரு பங்குக் கம்பெனி. அந்தக் கம்பெனியில் சேரப் பணம் மட்டும் போதாது, லுத்தரன் விசுவாசத்தை (மார்ட்டின் லுத்தர் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவு) ஏற்றவராகவும் இருக்க வேண்டும். அதாவது நிலம் வாங்கிய கூட்டமும் சபையில் உட்கார்ந்த கூட்டமும் ஏறக்குறைய ஒரே கூட்டம். காசில்லாதவர்கள் ஊர் அமைத்த சூட்சுமம் இதுதான். பத்து வருடத்துக்குள் அந்த ஊரில் கிளம்பிய சண்டைக்கும் இதுவேதான் மூலம்.

ஸ்வீடன் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1750 வாக்கில் 18 லட்சமாக இருந்த மக்கள்தொகை நூறு வருடத்தில் 35 லட்சம் ஆகிவிட்டது. காரணம் கேட்டால் "சமாதானம், அம்மை குத்துதல், உருளைக்கிழங்கு" என்று அந்த நாட்டில் ஒரு வழக்கு உண்டு. ஆள் இரண்டு மடங்கு, நிலம் அதே நிலம். பாகப்பிரிவினை செய்து செய்து வரப்புதான் மிஞ்சியது. சொந்த நிலமில்லாத குத்தகைக் குடிசைக்காரர்களும் பண்ணைக் கூலிகளும் பெருகினார்கள். அதன்மேல் 1867-இல் வடக்கே குளிர் விலகாமல் பயிர் கெட்டது, 1868-இல் தெற்கே மழை பொய்த்தது. 1868 முதல் 1873 வரைக்கும் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள்.

பஞ்சத்துக்குப் பயந்து கிளம்பியவர்கள் வேலை கிடைத்த ஊர்களில் சிதறிப் போயிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். போதகரோடு சேர்ந்து, ஒரே இடம் குறித்து, கூட்டமாகக் கிளம்பியவர்களின் கதை வேறு. அதற்கு ஸ்வீடனின் அரசுத் திருச்சபை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

அங்கே குருவானவர் ஓர் அரசு அதிகாரி மாதிரி. பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊர் விட்டு ஊர் போவது எல்லாம் அவருடைய ஏட்டில் ஏற வேண்டும். அமெரிக்கா போவதென்றாலும் அவரிடம் இடப்பெயர்ச்சிச் சான்று வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அவர் தெருத்தெருவாக வந்து, ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, பண்ணையாரிலிருந்து வேலைக்காரப் பெண் வரைக்கும் ஒவ்வொருவரிடமும் வாசிக்கச் சொல்வார், லுத்தர் கேள்வி-பதிலாக எழுதிய மதப்பாடமான ஞானோபதேசத்திலிருந்து கேள்வி கேட்பார். யார் எப்படிச் சொன்னார்கள் என்று ஏட்டில் குறியீடு போட்டுக்கொள்வார். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன, வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பொன் மாதிரி. பள்ளிக்கூடம் பரவுவதற்கு முன்பே ஸ்வீடனில் ஏழைகளும் வாசிக்கக் கற்றதற்கு இந்தப் பரீட்சை ஒரு முக்கியக் காரணம்.

வாசிக்கத் தெரிந்தவன் குருவானவர் சொன்னதை மட்டும் வாசித்துக்கொண்டிருக்க மாட்டான் இல்லையா? வீட்டில் நாலு பேர் கூடி, குருவானவர் இல்லாமலே வேதம் படித்து, ஜெபித்து, பாடத் தொடங்கினார்கள். ஊரார் அவர்களுக்கு வைத்த கேலிப்பெயர் 'லேசாரே', அதாவது வாசிப்பவர்கள். இப்படிக் கூடுவது 1726-இல் போட்ட ஒரு சட்டப்படி குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. 1858-இல்தான் அந்தச் சட்டம் போனது. சட்டம் போன பிறகும் மனத்தாங்கல் போகவில்லை. ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுச் சாராயக்கடைக்குப் போகிறவனும் நானும் ஒரே பலிபீடத்தில் திருவிருந்து எடுப்பதா என்று இவர்கள் கேட்டார்கள்.

இந்த இயக்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதால் ஒரு வார்த்தை. பீட்டர் ஃபியெல்ஸ்டெட் என்று ஒருவர், வெர்ம்லாந்து மாகாணத்தில் பிறந்தவர், 1830-களின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பகுதியில் மிஷனரியாக இருந்தார். பின்னாளில் ஸ்வீடனில் ஒரு பள்ளி நடத்தி, வெளிநாட்டு ஊழியத்துக்கும் அமெரிக்க ஸ்வீடிஷ் சபைகளுக்கும் ஆட்களைத் தயார் செய்தார். ஹசல்குவிஸ்ட் என்ற இளம் போதகர் 1852-இல் இல்லினாய்ஸுக்குப் போனது இவர் சொல்லித்தான். அந்த ஹசல்குவிஸ்ட்தான் 1860-இல் ஸ்வீடிஷ் லுத்தரன் சபைகள் சேர்ந்து அமைத்த அகஸ்டானா சினாடின் முதல் தலைவர். தரங்கம்பாடியின் முதல் பேராயர் ஒரு ஸ்வீடன்காரர் என்பது பலருக்குத் தெரியும். அதே பக்தி எழுப்புதலின் இன்னொரு கிளை கான்சாஸில் கோதுமை விதைத்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

சரி, லிண்ட்ஸ்போர்க்குக்கு வருவோம்.

1868-இல் சிகாகோவில் இருந்த ஸ்வீடன்காரர்கள் சிலர் 'முதல் ஸ்வீடிஷ் விவசாயக் கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் எர்லாந்து கார்ல்சன் போதகராக இருந்த இம்மானுவேல் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். நகரத்தில் கைத்தொழிலும் கூலி வேலையும் பார்த்துக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள், நிலத்தின் மேல் ஆசை மட்டும் விடவில்லை. மேற்கே ஆள் அனுப்பி இடம் பார்த்து, கான்சாஸ் பசிபிக் ரயில் கம்பெனியிடமிருந்து 13,160 ஏக்கர் வாங்கினார்கள். முன்னணியில் இருந்த பலருடைய பெயர் 'லிண்ட்' என்று தொடங்கியது: லிண்ட்கிரன், லிண்டெல் என்று இப்படி. 'போர்க்' என்றால் கோட்டை. ஊருக்குப் பெயர் வைப்பதில் அதிகம் மெனக்கெடவில்லை.

ரயில் கம்பெனிக்கு அவ்வளவு நிலம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் "அரசு சும்மா கொடுத்தது" என்பதன் உண்மைக் கணக்கு இருக்கிறது. அமெரிக்க நில அளவைப்படி நாடு முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு கட்டம், அதில் 640 ஏக்கர். அப்படி 36 கட்டம் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப், எல்லாக் கட்டத்துக்கும் எண் உண்டு. தண்டவாளம் போடுவதற்கு ஊக்கமாக, பாதையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரம் வரைக்கும் ஒற்றைப்படை எண் கட்டங்களை அரசு ரயில் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது. இரட்டைப்படைக் கட்டங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகைதான்.

1862-ஆம் வருடத்து ஹோம்ஸ்டெட் சட்டம் பற்றி எல்லாரும் சொல்வது, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கு, கட்டணம் சில டாலர்தான் என்பது. உண்மைதான். ஆனால் ரயில் மானியப் பட்டைக்குள் இருந்த இரட்டைப்படைக் கட்டங்களில் சாதாரணக் குடியேறிக்கு 80 ஏக்கர்தான். 1879-இல்தான் அங்கேயும் 160 ஆனது. லிண்ட்ஸ்போர்க் சுற்றுவட்டாரம் இந்தப் பட்டைக்குள் வரும். இலவச நிலத்தை மட்டும் நம்பி வந்தால் அரைப்பங்குதான் கிடைக்கும், அடுத்த கட்டத்தை யார் வாங்குவார்களோ தெரியாது. கம்பெனி ஒற்றைப்படைக் கட்டங்களை மொத்தமாக வாங்கிவிட்டதால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இடையில் இருந்த அரசுக் கட்டங்களில் உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஹோம்ஸ்டெட் மனு போட்டார்கள். வெள்ளைக் கட்டமும் நம்முடையது, கறுப்புக் கட்டமும் நம்முடையது. பக்கத்து வீடு ஸ்வீடிஷ் பேசும், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்துக்கு வரும்.

ரயில்காரர்களுக்கும் இதில் லாபம். புல்வெளியில் ஆள் இல்லையென்றால் ரயிலில் ஏற்றச் சரக்கு இல்லை. தனித்தனி ஆட்களுக்கு விற்பதைவிட, குடித்தனம் பண்ணுகிற, சபையால் கட்டுப்பட்ட, தவணையை ஒழுங்காகக் கட்டக்கூடிய ஒரு கூட்டத்துக்கு மொத்தமாக விற்பது அவர்களுக்கும் நிம்மதி.

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கான்சாஸ் என்ற பெயரே கான்சா மக்களிடமிருந்து வந்தது, கா என்றும் சொல்வார்கள். 1825, 1846 ஒப்பந்தங்களில் அவர்கள் நிலம் சுருக்கப்பட்டு, கவுன்சில் குரோவ் பக்கம் ஒரு சிறு ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்டார்கள். 1873-இல் அங்கிருந்தும் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்குப் புல்வெளியின் செயேன், அரபஹோ மக்களோடு மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் 1867-இல். அடுத்த வருடமே சலைன், சாலமன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மோதல். அதற்கு அடுத்த கோடையில் ஸ்வீடன்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். வெறும் புல்வெளி என்று கேள்வியில் இருக்கிறதே, அது அப்போதுதான் வெறுமையாக்கப்பட்ட புல்வெளி.

இப்போது ஆட்கள். ஓலோஃப் ஓல்சன், 1841-இல் வெர்ம்லாந்தில் பிறந்தவர், சுன்னெமு என்ற இரும்பு உலைக் கிராமத்தில் போதகர். வாசிப்பவர் கூட்டத்தின் ஆள். அரசுத் திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதன் மேல் சலித்துப்போனவர். சிகாகோ கம்பெனியோடு தொடர்பு ஏற்பட்டு, 1869-இல் தன் சபையிலிருந்து ஒரு பெருங்கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வந்து சேர்ந்த பிறகு ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: இங்கே நாங்கள் பேனாக்கத்தியால் தங்கம் தோண்டவில்லை, நாலு நாளில் மூட்டை மூட்டையாகச் சம்பாதிக்கவும் நினைக்கவில்லை, குடும்பத்துக்குச் சோறு போடும் அளவுக்கு ஆளுக்கொரு சொந்த இடம், அதுதான் குறி என்று எழுதினார். ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் அந்தக் காலத்தில் அச்சடித்து விநியோகித்த துண்டுப் பிரசுரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் நிதானம் புரியும். நிதானமாகச் சொன்னதாலேயே இன்னும் நிறையப் பேர் நம்பி வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

வந்தவர்கள் முதலில் பார்த்த அதிர்ச்சி, மரம் இல்லை. வெர்ம்லாந்து என்றால் காடு, ஏரி. வீடு என்றாலே மரவீடு. இங்கே ஓடைக்கரையில் நாலு காட்டன்வுட் மரமும் (பாப்லர் வகை) வில்லோவும் தவிர, கண்ணுக்கு எட்டிய தூரம் புல். எனவே பூமிக்குள் போனார்கள். ஓடைக்கரைச் சரிவிலோ ஒரு மேட்டின் பக்கவாட்டிலோ அறை அளவுக்குக் குடைந்துகொள்வார்கள். மூன்று பக்கம் மண்ணே சுவர். முன்பக்கச் சுவருக்குப் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல் போல அடுக்குவார்கள். நடுவில் ஒரு முகட்டு மரம், அதன்மேல் கிளைகள், மேலே காய்ந்த புல், அதற்கும் மேலே இன்னொரு வரிசை புல்கட்டி. ஒரு கதவு, முடிந்தால் ஒரு கண்ணாடிச் சன்னல். குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை. அதுவரைக்கும் நல்லது. மழை வந்தால் தெரியும் சங்கதி. வெளியே மழை விட்டுப் பல மணி நேரம் கழித்தும் கூரை உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும், அதுவும் சேறாக. பாம்பு சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும். மண் உதிராமலிருக்கக் கூரைக்கு அடியில் துணி கட்டுவார்கள். விறகுக்குப் பதில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி எரித்தார்கள். வறட்டி தட்டிய நமக்கு அது விசேஷமாகத் தெரியாது, அவர்களில் பலருக்கு முதலில் குமட்டியது.

முதல் உழவும் அப்படித்தான். காலங்காலமாக உழாத தரையில் புல்வேர் பின்னிக் கிடக்கும். கனத்த கலப்பையால் எருது பூட்டிக் கிழித்தால் தோல் உரிப்பதுபோல நீள நீளமாக மண் புரளும். அந்த வருடமே அதில் ஒழுங்காக விதைக்க முடியாது. புரண்ட கட்டியில் கோடாலியால் ஒரு வெட்டு, வெட்டில் மக்காச்சோளம் இரண்டு மூன்று மணி, காலால் ஒரு மிதி. வந்தது லாபம். கைக்காசுக்கு ஆண்பிள்ளைகள் ரயில் பாதை வேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் ஊர்களில் வீட்டு வேலைக்குப் போனார்கள். மிக அருகில் ரயில் நின்ற ஊர் சலைனா, வடக்கே 20 மைல். மாவு வாங்கவும் அங்கேதான் போக வேண்டும்.

இந்த நிலையில், 1869 ஆகஸ்ட் 19 அன்று, ஒழுங்கான வீடு ஒன்றுகூட எழும்பாத ஊரில், பெத்தானியா லுத்தரன் சபை முறைப்படி அமைக்கப்பட்டது. வந்து இறங்கி இரண்டு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. "ஆலயம் கட்டினார்கள்" என்று கேள்வியில் இருக்கிறது, ஆனால் முதலில் வந்தது கட்டடம் அல்ல, உறுப்பினர் பட்டியல்தான். இப்போது நிற்கும் வெள்ளைச் சுவர் ஆலயம் 1874-இல்தான் எழும்பியது.

பட்டியலில் சேர்வது எப்படி என்பதுதான் இந்தக் கதையின் நெஞ்சுப்பகுதி. ஸ்வீடனில் பிறந்தாலே நீங்கள் சபை உறுப்பினர். ஓல்சன் அதைத் தலைகீழாக்கினார். சேர விரும்புகிறவர் தனியாக வந்து தன் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும், விசாரித்துத்தான் சேர்ப்பார்கள். ஞானோபதேசம் ஒப்பிக்கத் தெரிகிறதா என்பது இங்கே பெரிதில்லை, மனம் திரும்பியிருக்கிறாயா என்பதுதான் கேள்வி. பழைய ஊரில் வருடாவருடம் பரீட்சைக்கு உட்கார்ந்து நொந்தவர்கள், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து அதைவிடக் கடினமான ஒரு பரீட்சையைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். முன்பு நாக்கைச் சோதித்தார்கள், இப்போது நெஞ்சைச் சோதிக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் போடுவது யார்?

நிலமும் சபையும் பிணைந்திருந்ததால் இது வெறும் ஞாயிற்றுக்கிழமை விவகாரமாக இருக்கவில்லை. சபைக்கு வெளியே நிற்பவன் ஊருக்கு வெளியே நிற்பவன் மாதிரி. அதற்கு மேல், ஓல்சன் போதகர் மட்டும் இல்லை. கான்சாஸ் சட்டசபை உறுப்பினராக இருந்தார், மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். ஒரே ஆள் இத்தனையும் பார்த்தால் பகை வராமல் எப்படி இருக்கும்? அகஸ்டானா சினாடும் இப்படி வடிகட்டிய தூய சபை என்ற எண்ணத்தை விரும்பவில்லை, அது லுத்தரன் வழக்கம் அல்ல என்றது.

1872-இல் ஸ்வீடனிலிருந்து ஒரு புயல் கிளம்பியது. வால்டன்ஸ்ட்ரோம் என்ற போதகர், கிறிஸ்துவின் மரணம் கடவுளின் கோபத்தைத் தணிப்பதற்காக அல்ல, மனிதனைக் கடவுளிடம் திருப்புவதற்காக என்று பிரசங்கித்தார். வெளியாட்களுக்கு இது ஓர் இலக்கணச் சண்டை மாதிரித் தெரியும். குழிவீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வேதம் படித்தவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். லிண்ட்ஸ்போர்க் வட்டாரத்திலும் சபை உடைந்து, ஒரு பகுதியினர் தனி மிஷன் சபையாகப் போனார்கள். ஓல்சன் முதலில் அந்தப் பக்கம் சாய்கிறார் என்ற சந்தேகத்துக்கு ஆளாகி, பிற்பாடு அதை எதிர்த்து எழுதினார். 1876-இல் இல்லினாய்ஸில் ராக் ஐலண்டிலிருந்த அகஸ்டானா இறையியல் கல்லூரிக்குப் பாடம் சொல்லப் போய்விட்டார். அந்த ஊரை உருவாக்கியவர் அங்கே இருந்தது மொத்தம் ஏழே வருடம்.

என் கருத்தைச் சொல்கிறேன். தூய சபை தோற்றதால்தான் ஊர் பிழைத்தது. பிஷப் ஹில் என்று இல்லினாய்ஸில் இன்னொரு ஸ்வீடிஷ் குடியேற்றம், 1846-இல் எரிக் யான்சன் என்பவரைத் தீர்க்கதரிசியாக நம்பிப் போனவர்களுடையது. சொத்து எல்லாம் பொது. காலரா வந்தது, 1850-இல் யான்சன் சுட்டுக் கொல்லப்பட்டார், 1861 வாக்கில் கூட்டுச்சொத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்தார்கள். லிண்ட்ஸ்போர்க்கில் கம்பெனி சேர்ந்து வாங்கியது, ஆனால் பத்திரம் ஆளாளுக்குத் தனி. சபையோடு முறைத்துக்கொண்டாலும் வயலை விட்டுப் போக வேண்டியதில்லை. இரண்டாம் சபை கட்டினார்கள், முதல் சபைக்காரனோடு சேர்ந்து அறுவடையும் செய்தார்கள்.

சுற்றிலும் இதே போல மற்ற ஊர்களும் கிளைத்தன. இல்லினாய்ஸின் கேல்ஸ்பர்க்கிலிருந்து இன்னொரு குழு வந்து சேலம்ஸ்போர்க், ஃப்ரீமவுண்ட் சபைகளை அமைத்தது. சேலம் என்றதும் நம் மாங்காய் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் இது எருசலேமின் சாலேம்.

1874 கோடையில் வெட்டுக்கிளி வந்தது. கான்சாஸ் முழுக்கத்தான். வெயிலை மறைக்கிற அளவுக்கு மேகமாக வந்து இறங்கி, மக்காச்சோளத்தைத் தண்டு வரைக்கும் தின்று, வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்று குழி மட்டும் விட்டு, மண்வெட்டிக் காம்பில் உப்பு வியர்வை ஊறிய இடத்தையும் கரண்டின. நிறையப் பேர் வண்டி கட்டிக் கிழக்கே திரும்பினார்கள். திரும்பாதவர்களுக்கு அதே வருடம், அதே வட்டாரத்தில், ஒரு தீர்வும் வந்து இறங்கியது. ரஷ்யப் பேரரசின் தெற்குப் புல்வெளியிலிருந்து வந்த மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் 'துருக்கிச் சிவப்பு' என்ற குளிர்காலக் கோதுமையைக் கொண்டுவந்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனியில் தூங்கி, வசந்தத்தில் எழுந்து, கோடையின் உக்கிரத்துக்கும் வெட்டுக்கிளிக்கும் முன்பே அறுவடைக்கு வந்துவிடும். வசந்தத்தில் விதைத்துப் பழகியவர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். கான்சாஸைக் கோதுமை மாநிலம் ஆக்கியது அந்த விதைதான். ஊரில் 1898-இல் கட்டிய ஸ்மோக்கி வேலி மாவுமில் இன்னும் நிற்கிறது, சுற்றிக்காட்டுகிறார்கள்.

1879-இல் கார்ல் ஸ்வென்சன் என்ற 22 வயதுப் போதகர் வந்தார். அமெரிக்காவிலேயே பிறந்த ஸ்வீடிஷ்காரர், ஓல்சனிடம் படித்தவர். வடிகட்டுவதில் அவருக்கு ஆர்வமில்லை, சேர்ப்பதில்தான் ஆர்வம். 1881 அக்டோபர் 15 அன்று ஆலயத்தின் பின்னறையில் பத்து மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய பெத்தானியா கல்லூரி அதுதான். முதல் ஆசிரியர் யோஹன் ஆகஸ்ட் உட்டன். இவர் பின்னாளில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைமை நிலவியலாளராகி, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலத்தில் எண்ணெய் இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதியவர். அது தனிக் கதை.

பள்ளிக்குப் பணம் வேண்டும். ஓல்சன் ஒருமுறை லண்டன் போயிருந்தபோது ஹாண்டலின் 'மெசாயா' இசைக்கோவையைக் கேட்டு மயங்கியிருந்தார். அதை நம் ஜனங்கள் பாடினால் என்ன என்று ஸ்வென்சனிடம் பேச்சு. நினைத்துப் பாருங்கள். பாட வேண்டியவர்கள் உழவர்கள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள். பலருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பாட்டோ ஆங்கிலத்தில், அவர்கள் பேச்சோ ஸ்வீடிஷில். ஸ்வென்சனின் மனைவி ஆல்மா ஒவ்வொரு குரல் வரிசையையும் பாடிக் காட்டி, திருப்பிப் பாட வைத்து, மறுபடி பாட வைத்துப் பழக்கினார். குளிர்காலம் முழுக்க ஒத்திகை. விளக்கும் கம்பளிப் போர்வையுமாகக் குடும்பம் குடும்பமாக மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் வந்தார்கள். 1882 மார்ச் 28 அன்று அரங்கேற்றம். ஆர்கன் வாசித்தது, ராக் ஐலண்டிலிருந்து வந்த ஓல்சனே. அப்புறம் பக்கத்து ஊர்களுக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஈஸ்டரை ஒட்டி வருடந்தோறும் நடக்கிறது.

யாரைச் சபையில் சேர்ப்பது என்று அடித்துக்கொண்ட ஊரில், இதற்குச் சேரக் குரல் இருந்தால் போதும் என்று ஆனது. மிஷன் சபைக்காரனும் நின்று பாடலாம், பிற்காலத்தில் ஸ்வீடிஷ் ரத்தமே இல்லாதவர்களும் நின்று பாடுகிறார்கள்.

இன்று லிண்ட்ஸ்போர்க்கில் சுமார் 3,700 பேர் இருக்கிறார்கள். கடைத்தெருவில் அடிக்கு அடி வண்ணம் பூசிய குதிரை உருவங்கள், டாலா குதிரை என்பார்கள். இதில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. அந்தக் குதிரை டாலர்னா மாகாணத்துப் பொம்மை, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிரபலமாகி ஸ்வீடனுக்கே சின்னமாகிவிட்டது. வெர்ம்லாந்திலிருந்து குழிவீட்டுக்கு வந்த ஆட்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை போதும். உங்களுக்குக் கேள்வி ஆழமாக இருப்பதால் சொல்கிறேன், போனால் ஊருக்கு வடமேற்கே கொரோனாடோ ஹைட்ஸ் என்ற குன்று இருக்கிறது, அதன்மேல் ஏறிப் பாருங்கள். கீழே மண்சாலைகள் மைலுக்கொன்றாக நூல் பிடித்த மாதிரி ஓடும். ஒவ்வொரு சதுரமும் அந்தப் பழைய 640 ஏக்கர் கட்டம். ஒற்றைப்படை எது, இரட்டைப்படை எது என்று இன்றைக்கு அடையாளம் தெரியாது, எல்லாவற்றிலும் ஒரே கோதுமை. போகிற வழியில் ஏதாவது ஒரு பழைய சபையின் கல்லறைத் தோட்டத்திலும் இறங்குங்கள். ஆலயத்தை ஒட்டிய பழைய வரிசைகளில் பிறந்தார், இறந்தார் என்பதெல்லாம் ஸ்வீடிஷில் இருக்கும், தள்ளிப் போகப் போக ஆங்கிலம்.